ஓலையின் ஓரத்திலிருந்து விரல்நுனி வரை: தமிழ் இணையப் பக்கங்களில் வழிசெலுத்தற் பட்டியின் இடமும் ஒஸ்லோவின் பங்கும்

முன்னுரை

அச்சிட்ட நூலைக் கையிலெடுக்கும் வாசகர் அதன் பொருளடக்கம் எங்கே இருக்கும் என்று எவரிடமும் கேட்பதில்லை. முகவுரைக்கு அருகில் அதனைக் காணலாம் என்பதும், சொல்லடைவு நூலின் இறுதியில் வரும் என்பதும் பழக்கத்தால் அறியப்பட்டவை. இணையப் பக்கத்தின் நிலை வேறு. ஒரு தளத்தின் பகுதிகளுக்கு வழிகாட்டும் இணைப்புகளின் தொகுதி, அதாவது வழிசெலுத்தற் பட்டி, கடந்த முப்பது ஆண்டுகளில் பக்கத்தின் இடப்புறத்திலும் மேற்புறத்திலும் வலப்புறத்திலும் அடியிலும் மாறிமாறி இடம்பெற்றுள்ளது. சில வேளைகளில் கண்ணுக்குப் புலப்படாமல் ஒரு சிறு குறிக்குள்ளும் ஒடுங்கியுள்ளது.

இந்த இடமாற்றங்கள் வடிவமைப்பாளரின் அழகுணர்ச்சியால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. திரையின் அளவு, எழுத்துருவின் கிடைப்பு, உலாவியின் ஆற்றல், சட்டத்தின் தேவை ஆகியவற்றுக்கு ஏற்பவே பட்டி இடம்பெயர்ந்தது. அம்மாற்றங்களுள் சிலவற்றின் ஊற்று நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் இருந்தது. ஒஸ்லோ ஈழத்தமிழர் கணிசமாக வாழும் நகரங்களுள் ஒன்றுமாகும். பட்டியின் இட வரலாற்றைத் தமிழ்ப் பக்கங்களின் பட்டறிவோடு இணைத்து நோக்குவதும், அதனால் தமிழ் எண்ணிம ஆவணங்களின் வாசகருக்கு நேர்ந்த ஆக்கமும் இழப்பும் எவை என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சுவடியும் அச்சுநூலும் தந்த மரபு

ஓலைச்சுவடியில் நூலின் உடற்பகுதி ஓலையின் நீளவாக்கில் எழுதப்பட்டது. ஏட்டின் எண் இடப்புற ஓரத்தில் பொறிக்கப்பட்டது. பகுதியின் பெயரோ பாட்டின் தொடக்கக் குறிப்போ ஓரத்தில் எழுதப்பட்ட சுவடிகளும் உள. கட்டை அவிழ்த்து ஏடுகளைத் தள்ளிச் செல்லும்போது விரலுக்கு அருகில் ஓரமே முதலில் தெரியும். ஆகவே தேடுவோருக்கான குறி, அவரது கையும் கண்ணும் முதலில் சேரும் இடத்தில் வைக்கப்பட்டது எனலாம்.

அச்சுக் காலத்தில் இக்குறிகள் பெருகின. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த காலத்தை ஒட்டித் தமிழ்ப் பதிப்புகளில் அரும்பத அகராதி, செய்யுள் முதற்குறிப்பகராதி போன்ற தேடற்கருவிகள் நிலைபெற்றன. செய்யுளின் முதற்சொல் மட்டும் நினைவில் உள்ளவர் முதற்குறிப்பகராதியை நாடுவார். பொருளை வரிசையாகக் கற்க விரும்புபவர் பொருளடக்கத்தை நாடுவார். ஒரே நூலுக்கு இரு வாயில்கள் அமைந்தன.

தேவாரப் பதிப்புகள் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. அதே பதிகங்கள் பண்முறையிலும் தலமுறையிலும் வகுக்கப்பட்டுள்ளன. ஓதுவார் பண்ணின் வழியாகவும், தலயாத்திரை செல்வோர் ஊரின் வழியாகவும் பதிகத்தை அடைவர். திருக்குறளோ பால், இயல், அதிகாரம் என்னும் படிநிலையைக் கொண்டது. அறத்துப்பால், இல்லறவியல், அன்புடைமை என்று மேலிருந்து கீழாக இறங்கும் இவ்வரிசை, இன்றைய தளங்களில் பக்கத்தின் உச்சியில் காணப்படும் 'நீங்கள் இருக்கும் இடம்' என்னும் தடக்கோட்டை ஒத்தது. படிநிலையாக வகுத்தலும் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்களை அமைத்தலும் தமிழ் நூல்மரபுக்குப் புதியவை அல்ல. புதிதாக எழுந்த வினா, அவ்வாயில் ஒவ்வொரு பக்கத்திலும் உடன்வர வேண்டுமாயின் எங்கே வைக்கப்படல் வேண்டும் என்பதே.

2. தொடக்ககால வலைப்பக்கம்: 1991–1998

சுவிற்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ அமைத்த உலகளாவிய வலை 1991இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்காலப் பக்கங்களில் தனியான பட்டி இல்லை. இணைப்புகள் உரையின் இடையிலேயே இருந்தன. எழுத்து மட்டுமே காட்டும் முனையங்களுக்காக ஆக்கப்பட்ட வரிநிலை உலாவியில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் தரப்பட்டது. வாசகர் அந்த எண்ணைத் தட்டச்சிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றார். அங்கு முழுப் பக்கமும் ஒரு பட்டியாகவே இயங்கியது எனலாம்.

தளங்கள் பெருத்தபோது பட்டி உரையிலிருந்து பிரிந்தது. 1996இல் வெளிவந்த நெற்ஸ்கேப் உலாவியின் 2ஆம் பதிப்பு 'சட்டகம்' என்னும் அமைப்பைக் கொண்டுவந்தது. சாளரத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறச் சட்டகத்தில் பட்டியை நிலையாக வைத்து, வலப்புறச் சட்டகத்தில் உரையை மாற்றிக்கொண்டே செல்ல இயன்றது. 1997 டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 இதனைத் தரமாக ஏற்றது. சட்டகத்தில் ஒரு குறை இருந்தது. உள்ளே திறந்த பக்கத்துக்கு முகவரிப் பெட்டியில் தனி முகவரி தோன்றாது. ஒரு கட்டுரையை மேற்கோள் காட்ட விரும்பிய ஆய்வாளருக்குக் கிடைத்தது தளத்தின் முகப்பு முகவரி மட்டுமே. தேடுபொறியின் வழியாக உட்பக்கத்தை நேரே அடைந்தவருக்கோ பட்டி இல்லாத தனிப்பக்கமே வாய்த்தது. பட்டியின் இடம் நூற்குறிப்பின் செம்மையையும் பாதிக்கும் என்பது அக்காலத்திலேயே வெளிப்பட்டது.

சட்டகத்தை விரும்பாதோர் அட்டவணையை நாடினர். எண்களையும் தரவுகளையும் நிரையும் நிரலுமாகக் காட்டுவதற்கென அமைந்த அட்டவணை, பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கும் கருவியாயிற்று. இடப்புறம் ஒடுங்கிய பத்தியில் பட்டியும் வலப்புறம் அகன்ற பத்தியில் உரையும் வைக்கப்பட்டன. இடப்புறம் தேர்ந்துகொள்ளப்பட்டமைக்கு நடைமுறைக் காரணம் உண்டு. அக்காலத் திரைகள் 640 அல்லது 800 படப்புள்ளி அகலமே உடையவை. சாளரம் சிறுத்தால் பக்கத்தின் வலவோரம் மறைந்துவிடும். இடவோரமும் மேலோரமும் எப்போதும் தெரியும். விண்டோஸ் 95 கோப்புறைகளை இடப்புறத்தில் அடுக்கிக் காட்டிய பழக்கமும் வாசகரின் கண்ணை அதற்கு ஆயத்தப்படுத்தியிருந்தது.

3. எழுத்துருத் தடையும் தமிழ்ப் பட்டியும்

இதே காலத்தில் தமிழ் இணையம் உருவாயிற்று. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெற் 99 மாநாடு விசைப்பலகையையும் எழுத்துக் குறியேற்றத்தையும் தரப்படுத்த முயன்றது. யூனிகோடு 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. எனினும் பொதுப் பயனர் கணினியில் அது நடைமுறைக்கு வர விண்டோஸ் 2000உம் அதனோடு வந்த லதா எழுத்துருவும் தேவைப்பட்டன. அதுவரை ஒவ்வொரு தளமும் தனக்குரிய எழுத்துருவை வாசகர் முன்னதாக நிறுவிக்கொள்ள வேண்டும் என எதிர்பார்த்தது.

இதனால் தமிழ்ப் பட்டி பிறமொழிப் பட்டிகளுக்கு இல்லாத ஒரு முரணை எதிர்கொண்டது. எழுத்துருவைப் பெறுவதற்கான இணைப்பே பட்டியின் முதல் உறுப்பாக வேண்டியிருந்தது; அந்த எழுத்துரு இல்லாதவருக்கு, தமிழில் எழுதிய அவ்விணைப்பைப் படிக்கவும் இயலாது. தளம் அமைத்தோர் இதற்கு இரு தீர்வுகளைக் கண்டனர். ஒன்று, பட்டியை ஆங்கிலத்தில் எழுதி உரையை மட்டும் தமிழில் தருதல். மற்றொன்று, பட்டியின் ஒவ்வொரு சொல்லையும் படமாக வரைந்து பொருத்துதல். முதலாவது, தமிழ்த் தளத்தின் வாயிலில் ஆங்கிலப் பலகையைத் தொங்கவிட்டது. இரண்டாவது, கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் தேடுபொறிக்கும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் வெறும் படமாகவே நின்றது. எழுத்துருச் சிக்கல் தீர்ந்த பின்னரும் ஆங்கிலப் பெயர்களோடு கூடிய பட்டிகள் பல தமிழ்த் தளங்களில் நீடித்தமைக்கு இந்த வரலாறு ஒரு காரணமாகும்.

தமிழ் வரிவடிவத்தின் இயல்பும் பட்டியின் இடத்தைத் தீர்மானித்தது. தமிழில் 'கொ' போன்ற ஓர் எழுத்து மூன்று குறிகளாகப் பக்கவாட்டில் விரிகிறது. 'மீ', 'ணூ' போன்றவற்றில் குறி மேலும் கீழும் நீள்கிறது. ஆங்கிலச் சொற்களுக்கென அளந்து வகுத்த கிடைநிலைப் பட்டியில் தமிழ்ச் சொற்களை இட்டால் அவை இரண்டாம் வரிக்கு உடைந்தன. அல்லது கொம்பும் சுழியும் வெட்டுண்டன. நிலைக்குத்தான இடப்புறப் பட்டியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி கிடைத்ததால் இச்சிக்கல் குறைந்தது. மேற்புறக் கிடைப்பட்டி உலகளாவிய வழக்கான காலத்தில் தமிழ்த் தளங்கள் இடப்புறத்தைத் தொடர்ந்து பேணியமையைப் பிற்போக்கு எனக் கொள்ளல் பொருந்தாது. எழுத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ற முடிவாகவே அதனைக் காணலாம்.

4. பாணித்தாளும் ஒஸ்லோவும்

பட்டியின் இடத்தை உரையின் அமைப்பிலிருந்து விடுவித்த கருவி சீஎஸ்எஸ் எனப்படும் பாணித்தாளாகும். அதன் முதல் முன்மொழிவை 1994 ஒக்டோபர் 10ஆம் நாள் வெளியிட்டவர் நோர்வேயைச் சேர்ந்த ஹோகோன் வியூம் லீ. அப்போது அவர் சேர்னில் பணியாற்றினார். பின்னர் நெதர்லாந்தவரான பேர்ட் பொஸ் அவரோடு இணைந்தார். 1996 டிசம்பரில் முதல் தரமும் 1998 மே மாதத்தில் இரண்டாம் தரமும் வெளிவந்தன. லீ 1999இல் ஒஸ்லோவின் ஒபரா மென்பொருள் நிறுவனத்தில் தலைமைத் தொழினுட்ப அலுவலராகச் சேர்ந்தார். பாணித்தாள் குறித்த தம் முனைவர் பட்ட ஆய்வை 2005இல் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் நிறைவுசெய்தார்.

இரண்டாம் தரத்தில் இடம்பெற்ற நிலைப்படுத்தல் விதிகள் பட்டியின் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அட்டவணை முறையில் இடப்புறத்தில் தெரிவது மூலக்கோப்பிலும் முதலில் எழுதப்பட வேண்டும். பாணித்தாள் முறையில் மூலக்கோப்பில் உரையை முதலிலும் பட்டியைப் பின்னரும் எழுதிவிட்டு, திரையில் பட்டியை இடப்புறத்தில் நிறுத்த இயலும். ஆகவே பட்டிக்கு இரு இடங்கள் உண்டாயின: கண் காணும் இடம் ஒன்று, கோப்பின் வரிசையில் அமைந்த இடம் மற்றொன்று. பிற்கால விளைவுகள் பலவும் இவ்வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

தமிழ் விக்கிப்பீடியா இதற்குச் சான்றாகும். 2003இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கியதில் இ. மயூரநாதனின் பங்கு முதன்மையானது. பட்டியின் ஒவ்வொரு சொல்லும் யூனிகோடு எழுத்தாகவே அமைந்ததால், ஆங்கிலப் பலகையும் படச்சொல்லும் அங்கே தேவைப்படவில்லை. மீடியாவிக்கி மென்பொருள் 2004இல் ஏற்ற 'மொனோபுக்' தோற்றத்தில் பட்டி திரையின் இடப்புறத்தில் நின்றது. மூலக்கோப்பிலோ கட்டுரைக்குப் பின்னரே வந்தது. இதே மென்பொருளின் மீது அமைந்ததே ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் தளமும். நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள் என்னும் அதன் பகுப்புகள், நூலகத்தின் அடுக்குகளைத் திரைக்குக் கொண்டுவந்தன.

வலைப்பதிவுகளில் பட்டி வலப்புறம் சென்றது. 2003ஆம் ஆண்டளவில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகத் தொடங்கின. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். வலைப்பதிவின் வாசகர் புதிய இடுகையைப் படிக்கவே வருகிறார். பழைய இடுகைகளின் மாதவாரி வரிசை அவருக்கு இரண்டாம் நிலைத் தேவையே. ஆதலால் உரை இடப்புறமும் பட்டி வலப்புறமும் அமைந்தன. தளத்தின் பயன் மாறியபோது பட்டியின் இடமும் மாறியது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

5. சிறுதிரையும் தமிழ் வாசகரும்

ஒபரா உலாவி 1994இல் நோர்வேத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆய்வுத் திட்டமாக, யோன் வொன் டெட்ஷ்னர், கெய்ர் இவார்சோய் ஆகிய இருவரால் தொடங்கப்பட்டது. 1995இல் தனி நிறுவனமாயிற்று. கணினிச் சந்தையில் அதன் பங்கு சிறிதாயினும் கைத்தொலைபேசியில் அது முன்னோடியாக விளங்கியது. 2002இல் அந்நிறுவனம் அறிவித்த சிறுதிரைக் காட்சிமுறை, கணினிக்கென வகுத்த பல பத்திப் பக்கத்தை ஒரே பத்தியாக மாற்றியடுக்கிக் காட்டியது. பக்கவாட்டில் உருட்டும் தேவை நீங்கியது.

இங்கேதான் மூலக்கோப்பின் வரிசை வெளிப்பட்டது. அட்டவணையால் அமைந்த தளத்தின் இடப்புறப் பத்தி கோப்பில் முதலில் இருந்ததால், ஒற்றைப் பத்தியிலும் அதுவே முதலில் வந்தது. ஒரு செய்தியைப் படிக்க விரும்பியவர், முப்பது நாற்பது வரி நீளும் பட்டியை ஒவ்வொரு பக்கத்திலும் விசையை அழுத்தி அழுத்திக் கடக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 176 படப்புள்ளி அகலமே கொண்ட திரையில் இது சிறிய இடையூறு அன்று. உரையைக் கோப்பில் முதலில் வைத்த தளங்களின் வாசகர் நேரே கட்டுரையை அடைந்தனர். கணினித் திரையில் ஒன்றுபோலத் தோன்றிய இருவகைத் தளங்கள், கையடக்கத் திரையில் முற்றிலும் வேறுபட்டு நின்றன.

2005 ஓகஸ்டில் நோர்வேயில் முதலில் வழங்கப்பட்டு, 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியான ஒபரா மினி இதனை மேலும் பரவலாக்கியது. இம்முறையில் பக்கம் முதலில் ஒபராவின் வழங்கிக்குச் சென்று, அங்கே சுருக்கப்பட்டுப் பின்னரே கைத்தொலைபேசியை அடையும். விலை குறைந்த, ஜாவா இயங்கும் தொலைபேசிகளிலும் அது இயங்கியது. அத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. பக்கம் கட்டங்களாகவே தெரியும். ஒபரா மினியின் பின்வந்த பதிப்புகளில், சிக்கலான வரிவடிவங்களைப் படமாக்கிக் காட்டும் ஒரு தெரிவு மறைவான அமைப்புப் பக்கத்தில் இடம்பெற்றது. அதனை இயக்கியதும் வழங்கியே தமிழ் எழுத்துகளை வரைந்து அனுப்பியது. ஸ்மார்ட் தொலைபேசி பரவுவதற்கு முற்பட்ட ஆண்டுகளில், இந்தியாவிலும் இலங்கையிலும் பல தமிழ் வாசகர் கைத்தொலைபேசியில் தமிழைப் படித்தது இந்த வழியில்தான். அத்தெரிவை இயக்கும் முறையை நண்பருக்கு நண்பர் சொல்லிக் கொடுத்தனர்.

இதில் ஓர் உண்மை உள்ளடங்கியுள்ளது. தமிழைத் திரையில் தோன்றச் செய்த அத்தெரிவு எந்தப் பட்டியிலும் வெளிப்படையாக இல்லை. முகவரிப் பெட்டியில் தனிச்சொல் ஒன்றைத் தட்டச்சிட்டே அதனை அடைய வேண்டும். அறிந்தவருக்குத் தமிழ் திறந்தது; அறியாதவருக்குக் கட்டங்களே எஞ்சின. வசதி இருப்பதும் அதற்கான வழி தெரியும் இடத்தில் இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேவையில்லை.

6. பக்கத்துக்கு வெளியே ஒரு பட்டி

ஒஸ்லோவில் உருவான மற்றொரு முயற்சி தோல்வியுற்றது எனினும் ஆய்வுக்குரியது. தொடக்கம், அடுத்தது, முந்தையது, பொருளடக்கம், சொல்லடைவு, அருஞ்சொற்பொருள், இயல், பின்னிணைப்பு ஆகிய உறவுகளை மூலக்கோப்பின் தலைப்பகுதியில் குறிக்கும் வசதியை எச்டிஎம்எல் 4.0 தந்திருந்தது. இப்பெயர்கள் யாவும் நூலின் உறுப்புகளே. ஒபரா 2003இல் வெளியிட்ட 7ஆம் பதிப்பு, இக்குறிப்புகளைப் படித்து உலாவியின் சாளரத்திலேயே ஒரு பட்டியாகக் காட்டியது. மொசில்லாவும் ஏறத்தாழ அதே காலத்தில் இதனை முயன்றது.

இம்முறையில் எந்தத் தளத்துக்குச் சென்றாலும் 'அடுத்தது' என்னும் பொத்தான் ஒரே இடத்தில் இருக்கும். பெயர்களை உலாவியே வாசகரின் மொழியில் காட்டவும் இயலும். பல நூறு பகுதிகளாக விரியும் காப்பியங்களையும் திருமுறைகளையும் வெளியிடும் தமிழ்த் தளங்களுக்கு இதனைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. ஆயினும் தளம் அமைத்தோருள் மிகச் சிலரே அக்குறிப்புகளை எழுதினர். குறிப்புகள் அரிதாகியதால் உலாவியின் பட்டி பெரும்பாலும் வெறுமையாக நின்றது. வெறுமையாக நின்றதால் வாசகர் அதனை நாடவில்லை. வாசகர் நாடாததால் குறிப்பெழுதும் ஊக்கமும் எழவில்லை. பட்டியைத் தளத்தின் அணிகலனாகக் கருதிய மனப்பாங்கு, அதனை வாசகரின் பொதுக்கருவியாக ஆக்கும் முயற்சியை வென்றது எனலாம். ஒபரா 2013இல் தன் சொந்தக் காட்சிப்பொறியைக் கைவிட்டுக் குரோமியத்தின் அடித்தளத்துக்கு மாறியது.

7. மறைந்த பட்டி

2007இல் ஐஃபோன் வெளிவந்தபின் கையடக்கத் திரையே பலருக்கு முதல் திரையாயிற்று. திரையின் அகலத்துக்கேற்பப் பாணியை மாற்றும் ஊடக வினவல் 2012 ஜூனில் தரமாக நிறைவுற்றது; ஹோகோன் வியூம் லீ அதன் தொகுப்பாசிரியருள் ஒருவர். 2010 மே மாதத்தில் ஈதன் மார்கொற் எழுதிய கட்டுரை, ஒரே பக்கம் எல்லாத் திரைகளுக்கும் ஏற்ப விரிந்தும் சுருங்கியும் அமைய வேண்டும் என்னும் கொள்கைக்குப் பெயரிட்டது. அகன்ற திரையில் கிடைப்பட்டி. ஒடுங்கிய திரையில் மூன்று கோடுகள் கொண்ட ஒரு சிறு குறி. அக்குறியோ புதிதன்று, 1981இல் வெளியான செரொக்ஸ் ஸ்டார் கணினிக்காக நோர்ம் கொக்ஸ் வரைந்தது.

மூன்று கோட்டுக் குறி இடத்தை மிச்சப்படுத்தியது. அதற்கான விலையையும் வாசகர் கொடுத்தனர். 2016இல் நீல்சன் நோர்மன் குழுமம் வெளியிட்ட ஆய்வில், கணினித் திரையில் மறைந்த பட்டி 27 விழுக்காட்டு வேளைகளிலேயே பயன்படுத்தப்பட்டது. வெளிப்படையாகத் தெரிந்த பட்டியோ ஏறத்தாழ அதன் இருமடங்கு வேளைகளில் பயன்பட்டது. கைத்தொலைபேசியில் மறைந்த பட்டிக்கு 57 விழுக்காடும், முதன்மை உறுப்புகள் சில வெளியே தெரிந்த பட்டிக்கு 86 விழுக்காடும் கிடைத்தன. ஸ்டீவன் ஹூபர் 2013இல் வெளியிட்ட 1,333 நேர்நோக்குகளில், ஏறத்தாழ பாதிப்பேர் தொலைபேசியை ஒரு கையால் பிடித்தே இயக்கினர். ஒரு கையின் பெருவிரலுக்குத் திரையின் மேல்மூலை தொலைவானது. இதனை உணர்ந்தே செயலிகளில் முதன்மைப் பட்டி திரையின் அடிப்பகுதிக்கு இறங்கியது. சுவடியின் ஓரத்தில் எண்ணைப் பொறித்தவரும் விரலுக்கருகில் பட்டியை வைத்தவரும் ஒரே நெறியை வெவ்வேறு கருவியில் கண்டனர்.

புலம்பெயர் சூழலில் மறைந்த பட்டியின் விளைவு கடுமையானது. ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் எஸ்த்ஃபோல்ட் தொடருந்துப் பாதையில் ஹவுகெட்டோ என்னும் புறநகர் நிலையம் அமைந்துள்ளது. அத்தகைய புறநகர்களில் வளரும் இரண்டாம் தலைமுறைத் தமிழர், வீட்டில் தமிழ் பேசி, பாடசாலையில் நோர்வே மொழியில் பயின்று, வார இறுதியில் தமிழ் எழுத்தைக் கற்பவர். எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையிலுள்ள ஒருவருக்கு, கண்முன் தெரியும் 'நூல்கள்', 'இதழ்கள்' என்னும் இரு சொற்கள் ஒரு வாயிலாகும். அவை மூன்று கோட்டுக்குள் மறைந்தால், அவர் தேடற்பெட்டியை நாட வேண்டும். அதற்குத் தமிழ் விசைப்பலகையும் தேடும் நூலின் சரியான எழுத்தமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். தேடற்பெட்டி அறிந்தவருக்குரியது, பட்டி அறிய விரும்புபவருக்குரியது. தாத்தா பாட்டியின் ஊரைப் பற்றி என்னென்ன நூல்கள் உள என்பதையே அறியாத இளையவருக்குத் தேடற்பெட்டியில் இட ஒரு சொல்லும் இராது. எண்ணிமமாக்கப்பட்ட ஆவணம் அவரைப் பொறுத்தவரை இல்லாத ஆவணமே.

8. நோர்வேச் சட்டமும் கேட்கும் வாசகரும்

நோர்வே 2013 ஜூனில், தகவல் தொழினுட்பத்தை எல்லாரும் அணுகும் வகையில் அமைத்தல் குறித்த ஒழுங்குவிதியைப் பிறப்பித்தது. பொதுமக்களை நோக்கிய புதிய தளங்கள் 2014 ஜூலை 1 முதலும், பழைய தளங்கள் உட்பட யாவும் 2021 ஜனவரி 1 முதலும் அதற்கு அமைய வேண்டியவையாயின. அரச நிறுவனங்களோடு தனியார் நிறுவனங்களையும் அமைப்புகளையும் இது கட்டுப்படுத்துகிறது. 2008இல் வெளியான உலகளாவிய அணுகல் வழிகாட்டியின் 61 அளவுகோல்களுள் 35ஐ இவ்விதி கட்டாயமாக்கியது.

அவற்றுள் மூன்று பட்டியோடு நேரே தொடர்புடையன. ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் பகுதியைத் தாண்டிச் செல்ல வழியிருத்தல் வேண்டும். ஒரு பக்கத்தை அடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருத்தல் வேண்டும். பட்டியின் உறுப்புகள் தளம் முழுவதும் ஒரே வரிசையில் அமைதல் வேண்டும். கவனிக்கத்தக்கது யாதெனில், பட்டி இடப்புறம் இருக்க வேண்டுமா மேற்புறம் இருக்க வேண்டுமா என்று எந்த அளவுகோலும் கூறவில்லை என்பதே. பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பு மென்பொருளின் வழியாகப் பக்கத்தைக் கேட்கிறார். அவருக்கு இடமும் வலமும் இல்லை. மூலக்கோப்பின் முன்னும் பின்னுமே உண்டு. நாற்பது உறுப்புகள் கொண்ட பட்டியை ஒவ்வொரு பக்கத்திலும் முதலிலிருந்து கேட்க நேரும் அவரது நிலை, சிறுதிரையில் அதே பட்டியை உருட்டிக் கடந்த வாசகரின் நிலையே. இரண்டாவது அளவுகோலோ, பொருளடக்கமும் முதற்குறிப்பகராதியும், பண்முறையும் தலமுறையும் எனத் தமிழ்ப் பதிப்பு மரபு முன்னரே கைக்கொண்ட நெறியாகும்.

2014 ஒக்டோபரில் நிறைவுற்ற எச்டிஎம்எல் 5, வழிசெலுத்தற் பகுதிக்கெனத் தனி உறுப்பை வகுத்தது, சட்டகங்களைக் கைவிட்டது. இதனால் திரைவாசிப்பு மென்பொருள் பட்டி எதுவெனத் தானே அறிந்து அதனைத் தாண்டவோ நேரே அடையவோ இயல்கிறது. படத்தால் வரைந்த தமிழ்ச் சொற்கள் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய தளங்களில் இப்பயன் கிட்டாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பட்டி இடப்புறமா மேற்புறமா என்னும் நெடுநாள் வழக்கு வரலாற்று நோக்கில் மேலோட்டமானது. கண் காணும் இடம் திரைக்குத் திரை மாறியுள்ளது. கோப்பின் வரிசையில் அமைந்த இடமே சிறுதிரையிலும் செவிவழி வாசிப்பிலும் வாசகரின் நிலையைத் தீர்மானித்தது. ஒஸ்லோவில் உருவான சிறுதிரைக் காட்சிமுறை இவ்வுண்மையை முதன்முதலில் பரந்த வாசகரிடையே வெளிப்படுத்தியவற்றுள் ஒன்றாகும்.

இரண்டாவது, தமிழ்ப் பட்டிக்குரிய அளவுகள் தமிழ் எழுத்திலிருந்தே பெறப்படல் வேண்டும். பிறமொழிக்கு வகுத்த கிடைப்பட்டியில் தமிழை நெருக்குவதற்குப் பதிலாக வரியின் உயரத்தைக் கூட்டலாம், பெயர்களைச் சுருக்கலாம். பால், இயல், படலம், காண்டம் எனப் பகுப்புகளுக்குக் குறுகிய பெயர் சூட்டிய மொழிக்குச் செறிவான பட்டிச் சொற்கள் அரியவை அல்ல.

மூன்றாவது, தமிழ் ஆவணத் தளங்கள் தம் முதன்மைப் பகுப்புகள் நான்கு அல்லது ஐந்தையேனும் சிறுதிரையிலும் வெளிப்படையாக, தமிழ் எழுத்தில், விரலுக்கு எட்டும் இடத்தில் வைத்தல் வேண்டும். எஞ்சியவை மூன்று கோட்டுக்குள் ஒடுங்கலாம். சுவடிகளையும் இதழ்களையும் எண்ணிமமாக்குவதற்குச் செலவிடப்படும் உழைப்பு பெரிது. அதனோடு ஒப்பிடுகையில் அவற்றின் வாயிலைத் தெரியும் இடத்தில் அமைப்பதற்கு வேண்டிய உழைப்பு சிறிது. அச்சிறு உழைப்பு தவிர்க்கப்படுமாயின், பெரிய உழைப்பின் பயன் ஏற்கெனவே வழி அறிந்தவருக்கே சென்று சேரும். ஹவுகெட்டோவில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் இளையவர் வாயிலுக்கு வெளியே நிற்க நேரிடும்.